மலைக்கு எந்த மாதம்?

கடைமடைக் குறிப்புகள் – 9

காரைக்காலில் மே மாதம் எல்லாமே ஓய்ந்து கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் அரசலாற்றுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்க, ஆண்கள் கரையில் உட்கார்ந்து வலை சீர்செய்துகொண்டிருப்பார்கள். வயலும் அப்படித்தான். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் தண்ணீர் கடைமடை வந்து சேர இன்னும் நாளாகும். அதுவரை குறுவைக்கு அவசரம் இல்லை. பள்ளிக்கூடமும் மூடியிருக்கும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24இல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கியதிலிருந்து ஏப்ரலிலேயே புது வகுப்பு ஆரம்பமாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு முழு விடுமுறை என்று கிடைப்பது மே மாதம்தான். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையில்லாமல் வீட்டில் இருப்பது வருடத்தில் இந்த ஒரு மாதம். வெளியே அக்கினி நட்சத்திரம்.

அதனால்தான் மார்ச் பிறந்ததும் வீட்டுக்கு வீடு மலைப் பேச்சு ஆரம்பமாகிறது. "இந்த வருஷமாவது எங்கயாச்சும் குளுகுளுன்னு போவோம் தம்பி" என்று என் அக்கா சொன்னாள். அவள் மனதில் இருந்தது வழக்கமான சுற்றுலா. வேன் பிடித்து, ஒரு நாளில் எட்டு இடம் பார்த்து, இறங்கிப் படம் எடுத்து, மறுபடி ஏறுவது. நான் கேட்டதோ வேறு. பிள்ளைகள் ஒரு மலையைக் காலால் நடந்து அறிய வேண்டும், அதுவும் காட்டு விலங்குக்கென்று ஒதுக்கிய ஒரு தேசியப் பூங்காவில். அக்கா யோசித்தாள். அத்தான் உடனே கேட்டார்: "எந்த ஓட்டல்?"

ஓட்டலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள் என்றேன். இந்த வாரம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நமக்கு ஒரு நாட்காட்டி இருப்பதுபோல மலைக்கும் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஏறியவர்களுக்கு நேர்ந்ததை நாம் படித்திருக்கிறோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டில் தீ பரவியபோது மலையேறப் போயிருந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் நிற்கும் காலம் அது. அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே வழிகாட்டியோடு அழைத்துப் போகும் 40 பாதைகளைத் திறந்தது. காட்டுத்தீக் காலத்தில் அவற்றை மூடிவிடுகிறார்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மூணாற்றை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் மிக உயரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், அதற்குள்தான் நிற்கிறது. தேயிலைத் தோட்டத் துரைமார் வேட்டைக்கென்று வைத்திருந்த இந்தப் புல்வெளி 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. வரையாடுகளின் பெரிய வீடு. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் தெரியவந்தன. இரவிகுளத்தில் மட்டும் 841. நம் மாநில விலங்கு என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் ஆட்டை மிகக் கிட்டத்தில் பார்க்கக்கூடிய இடம் அதுதான்.

குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். ஏப்ரலில் திறப்பார்கள். மே மாதம் போனால் குட்டிகள் தாயின் பின்னால் பாறைகளில் தாவுவதைப் பார்க்கலாம். ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். அது வழக்கமான தேதிதான், உறுதி அல்ல. 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. மே மாதத்தின் முதல் பாதிதான் நமக்கும் மலைக்கும் ஒருசேர ஒத்துவரும் காலம். பின்பாதியில் திருநள்ளாற்றில் வைகாசிப் பிரம்மோற்சவம் வரும், தேர் பார்க்காமல் அக்கா எங்கும் நகரமாட்டாள். அதைத் தாண்டினால் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. அதை விட்டு ஊரைவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து ஏறிய அம்மையாரின் ஊர் இது. மலை என்றால் பயபக்தியோடு போகவேண்டும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரான்ஸில் இருக்கும் உறவினர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவர்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். "நாங்க வந்தப்புறம் எல்லாரும் சேந்து மலைக்குப் போவோம்" என்று போனில் சொல்வார்கள். அவர்கள் நாட்டில் அது சரிதான். ஆல்ப்ஸ் மலையில் 1963இல் அமைந்த வனுவாஸ், பிரான்ஸின் முதல் தேசியப் பூங்கா, அங்கே பனி உருகிப் பாதை திறப்பதே ஜூன் கடைசியில். ஜூலைதான் நடப்பதற்கு உகந்த மாதம். நம் மேற்கு மலையில் அது நேர்மாறு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் மலைச்சரிவு லயன் வீடுகளை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ஆடி மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகலாமா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பிரான்ஸ் உறவினர்களை அந்த மாதத்தில் சேர்வராயன் மலைக்கோ கொல்லிமலைக்கோ அழைத்துப் போகலாம். தென்மேற்கு மழை அங்கே அவ்வளவு மூர்க்கமாக இருக்காது.

உதகையும் கொடைக்கானலும் ஏன் இல்லை என்று அத்தான் கேட்டார். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரவிகுளத்தைச் சொன்னதற்குக் காரணம் அது அல்ல. காரணம் தண்ணீர்.

வரைபடத்தைத் தரையில் விரித்து, அக்கா மகனை அரசலாற்றில் விரலை வைக்கச் சொன்னேன். காரைக்காலில் கடலில் கலக்கும் இடம். அங்கிருந்து விரலை மேற்கே நகர்த்தினான். கும்பகோணம், பிறகு காவிரி, கல்லணை, முக்கொம்பு, கரூர். கரூருக்குப் பக்கத்தில் தெற்கேயிருந்து அமராவதி வந்து சேர்கிறது. அதைப் பிடித்து மேலே போனால் உடுமலைக்கு அருகே 90 அடி உயர அமராவதி அணை. அணைக்கு மேலே ஆற்றின் பெயர் பாம்பாறு. பாம்பாற்றின் ஒரு கிளை லக்கம் அருவி. அந்த ஓடை பிறப்பது இரவிகுளத்துப் புல்வெளியில். விரல் ஆனைமுடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. "இந்தத் தண்ணியா மாமா நம்ம ஊருக்கு வருது?" என்றான்.

எல்லா வருடமும் வராது. அணையும் உடுமலை, தாராபுரம் பாசனமும் குடித்த மிச்சம்தான் காவிரிக்கு. வெள்ள வருடத்தில் மட்டும் நிறைய வரும். அதையும் அவனிடம் சொன்னேன். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது நம் காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. ஒதுக்கினார்கள். 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அதே தீர்ப்பில் கேரளத்துக்கு உள்ள 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுப் பகுதிக்கு 3. கடைமடையில் மதகைத் திறக்கக் காத்திருக்கும் ஒரு குடும்பம், அந்த நீரின் ஒரு கண்ணையாவது நேரில் போய்ப் பார்த்து வரவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆற்றின் வாயில் பிறந்த பிள்ளைக்கு அதன் தலை தெரிய வேண்டும்.

போகும் வழியும் தானாகவே அமைகிறது. காரைக்காலில் சாயங்காலம் கிளம்பும் எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, பாலக்காடு வழியாக விடியற்காலையில் ஆலுவாவில் இறக்கிவிடும். அங்கிருந்து கோதமங்கலம், அடிமாலி வழியாக மூணாற்றுக்குப் பேருந்து. திரும்பும்போது அதே வழி வேண்டாம். மலையின் கிழக்குச் சரிவில், பாம்பாற்றோடு சேர்ந்து இறங்க வேண்டும்: மறையூர், சின்னார், உடுமலைப்பேட்டை. பிறகு பழனி. நடந்து முடித்த காலுக்கு 693 படி அதிகம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், அக்கா காதில் ஏறவில்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான் முன்னால் திறக்கிறது. முன்பு போல 120 நாள் கிடையாது. மே முதல் வாரப் பயணத்துக்கு மார்ச் முதல் வாரத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

உடம்பைத் தயார் செய்வதுதான் நம் ஊர்க்காரர்களுக்குக் கடினம். கடல் மட்டத்தில் பிறந்து, சைக்கிள் மிதித்தாலும் ஏற்றமே தெரியாமல் வளர்ந்த கால்கள். சுற்றுவட்டாரத்தில் மலை என்று நமக்கு இருப்பது சுவாமிமலை, அதுவும் கட்டுமலை. அறுபது தமிழ் வருடங்களுக்கு அறுபது படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், தரிசனம் முடித்து, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஏறி இறங்கிப் பழகலாம். மற்ற நாட்களில் கடற்கரை மணலில் நடந்தால் போதும். ஈர மணலில் வேண்டாம், கால் புதையும் உலர்ந்த மணலில். கெண்டைக்கால் தசை அதில்தான் உறுதிப்படும். எல்லோரும் ஏறுவதற்குப் பயப்படுகிறார்கள். முழங்கால் வலிப்பது இறங்கும்போது. மாடிப்படியில் மெதுவாக, முன்பாதத்தை முதலில் ஊன்றி இறங்கிப் பழகினால் அம்மாவுக்கும் தைரியம் வரும். புது ஷூ வாங்கி அங்கே போய்ப் போடக் கூடாது. ஒரு மாதம் முன்பே வாங்கி, கடைத்தெருவுக்கெல்லாம் போட்டுக்கொண்டு போய்வர வேண்டும்.

இரவிகுளத்தில் தனி வண்டி உள்ளே விடமாட்டார்கள். வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்குப் போய், அங்கே போட்ட பாதையில் நடக்கலாம். ஆனைமுடி உச்சிக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அங்கே போய் ஏமாறக் கூடாது. காலை முதல் பேருந்துக்கே சீட்டு எடுக்கவேண்டும். கூட்டம் குறைவு என்பது மட்டும் காரணமல்ல. மே மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு கோடை மழை கொட்டும். திறந்த புல்வெளியில் இடி நேரத்தில் நிற்கவே கூடாது. மதியத்துக்குள் நடையை முடித்துக்கொள்வதுதான் மலையில் வழக்கம்.

உண்மையான நடை சின்னாரில் இருக்கிறது. இரவிகுளத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். மலைக்கு இந்தப் பக்கம், சில மணி நேரப் பயணத்தில், மழை மறைவில் கிடக்கும் சின்னார் வனவிலங்குச் சரணாலயத்தில் முள்மரமும் கள்ளியும் நிற்கும். நட்சத்திர ஆமையும் சாம்பல் அணிலும் வாழும் காடு. பாம்பாறு தூவானம் அருவியாக விழுவது இதற்குள்தான். அந்தக் காட்டிலேயே பிறந்த முதுவர், மலைப்புலையர் இனத்து வழிகாட்டிகள் கூட வருவார்கள். போய்த் திரும்ப அரை நாள் ஆகும். காட்டுக்குள் குடும்பமாக நடக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. வழிகாட்டி நின்றால் நாமும் நிற்கவேண்டும். அவர் கையை உயர்த்தினால் பேச்சை நிறுத்தவேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, சாணம் இன்றைக்கா நேற்றா, யானை எந்த மரத்தை உரசிப் போயிருக்கிறது என்று அவர் காட்டுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே நடப்பார்கள். அவருக்குக் கூலியோடு ஒரு பொட்டலம் புளிசோறும் நம் கணக்கில் இருக்கவேண்டும்.

பையில் என்ன என்று ரொம்பப் பேசத் தேவையில்லை. மழைச் சட்டை, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், வெள்ளை, சிவப்பு இல்லாத மங்கிய நிறத் துணி, கொண்டை ஊசி வளைவில் வயிறு புரட்டினால் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம். பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம், பிஸ்கட் உறைகூட. வரையாடு அதைத் தின்னும். உடுமலைச் சாலையை இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும், அது யானைகள் கடக்கும் சாலை.

மழை முந்திக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே பேசி வைத்திருக்கிறோம். இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தி வந்தால் ஆலுவா டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, திருச்சி வழியாகப் பழனிக்கும் உடுமலைக்கும் போவோம். சின்னாரில் அனுமதி தந்தால் தூவானம், இல்லாவிட்டால் அமராவதி அணை. அணையின் கரையில் நின்றால் மேலே பாம்பாறு இறங்கி வரும் மலை தெரியும். இரவிகுளத்தை அடுத்த மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா மகனும் ஒத்துக்கொண்டான்.