பசித்த வயிறும் விண்வெளிப் பயணமும்



விண்வெளிச் செய்தி ஒன்று வானொலியிலோ தொலைக்காட்சியிலோ வந்தால் எமது வீடுகளில் இரண்டு குரல்கள் எழும். பிள்ளைகள், "எப்படிப் போனார்கள்? அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். பெரியவர்களோ, "உலகத்தில் எத்தனையோ பேர் சோறின்றிக் கிடக்க, இவர்களுக்கு இது எதற்கு?" என்பார்கள்.

இந்த இரண்டாவது கேள்வியை அறியாமை என்று சிரித்து ஒதுக்குபவர்கள் உண்டு. அது நியாயமன்று. பசித்திருக்கும் அயலவரை மறந்து உண்ணக் கூடாது என்று சிறு வயதிலேயே கற்றுக் கொண்டவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் இதைக் கேட்காமல் விட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

ஆனால் கேள்வி கேட்பவருக்கு ஒரு கடமையும் இருக்கிறது. பதிலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதே கேள்வி விண்வெளித் துறையின் பொறுப்பாளர்களிடம் நேருக்கு நேர் கேட்கப்பட்ட சந்தர்ப்பங்கள் வரலாற்றில் இருக்கின்றன. அவர்கள் என்ன சொன்னார்கள்? சொன்னது பிற்காலத்தில் மெய்யானதா? சற்று விரிவாகப் பார்ப்போம்.

கோவேறு கழுதை வண்டியும் ரொக்கட்டும்

1969 ஜூலை 16 ஆம் திகதி அப்பலோ 11 விண்கலம் மனிதரைச் சந்திரனுக்கு ஏற்றிச் செல்லவிருந்தது. அதற்கு முந்திய நாள், புளோரிடா மாநிலத்திலிருந்த ஏவுதளத்தின் வாயிலுக்கு ஓர் ஊர்வலம் வந்து சேர்ந்தது. கறுப்பின ஏழைக் குடும்பங்கள் பல அதில் இருந்தன. கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியொன்றும் கூடவே வந்தது. உலகின் மிகப் பெரிய ரொக்கட்டுக்கு முன்னால் உழைக்கும் ஏழையின் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவர் ரால்ப் அபர்னதி. 1968 இல் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய தோழர். அவருக்குப் பின் அவரது இயக்கத்தைப் பொறுப்பேற்றவர். அமெரிக்கரில் ஐந்தில் ஒருவருக்குப் போதிய உணவும் உடையும் இருப்பிடமும் மருத்துவமும் இல்லை, இந்நிலையில் இவ்வளவு பணத்தைச் சந்திரனுக்குச் செலவிடலாமா என்பது அவரது வாதம்.

நாஸாவின் தலைவராக அப்போது இருந்தவர் தோமஸ் பெய்ன். பொலிஸாரை அனுப்பிக் கூட்டத்தைக் கலைத்திருக்கலாம். அவர் தாமே வெளியே வந்தார். திறந்த வெளியில் நின்று அபர்னதியின் பேச்சு முழுவதையும் கேட்டார். நாளை அந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீர்ந்து விடும் என்றிருந்தால், தாம் அதை அழுத்தப் போவதில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். சந்திரனுக்குப் போவது கடினம்தான், ஆனால் ஏழைகளின் பிரச்சினை அதைவிட மிகக் கடினமானது என்றும் ஒப்புக் கொண்டார். வந்திருந்த குடும்பங்களில் சிலருக்கு மறுநாள் ரொக்கட் புறப்படுவதைப் பார்க்க விருந்தினர் பகுதியில் இடமும் கொடுத்தார். விண்வெளி வீரர்களுக்காகப் பிரார்த்திக்கும்படி அபர்னதியிடம் கேட்டுக் கொண்டார். அபர்னதியும் மனமுவந்து சம்மதித்தார்.

இருவரும் கருத்தில் உடன்படவில்லை. ஆயினும் ஒருவரையொருவர் அவமதிக்கவுமில்லை. இந்த ஒழுக்கத்தை நாம் குறித்துக் கொள்ள வேண்டும்.

சாம்பியாவிலிருந்து ஒரு கடிதம்

அடுத்த ஆண்டு அதே கேள்வி ஆபிரிக்காவிலிருந்து தபாலில் வந்தது. சாம்பியாவில் பணிபுரிந்த மேரி ஜுகுண்டா என்ற கன்னியாஸ்திரி, பூமியிலே பிள்ளைகள் பட்டினியால் மடியும்போது செவ்வாய்க்குப் போகும் திட்டங்களுக்குக் கோடி கோடியாகச் செலவிட எப்படி மனம் வருகிறது என்று கேட்டிருந்தார். கடிதம் கிடைத்தவர் நாஸாவின் மார்ஷல் விண்வெளி நிலையத்தில் உயர் பதவியிலிருந்த விஞ்ஞானி ஏர்னஸ்ட் ஸ்டூலிங்கர். 1970 மே 6 ஆம் திகதியிட்டு அவர் நீண்டதொரு பதிலை எழுதினார். அது பின்னர் அச்சிடப்பட்டு இன்று வரை வாசிக்கப்படுகிறது.

முதலில் கன்னியாஸ்திரியின் சேவையைப் பாராட்டிய அவர், பின் ஒரு கதை சொன்னார். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஜேர்மனியின் சிற்றூர் ஒன்றில் தருமவானான பிரபு ஒருவர் இருந்தார். தம் வருமானத்தில் பெரும் பகுதியை ஏழைகளுக்கே கொடுத்து வந்தார். அவ்வூரில் விசித்திரமான மனிதன் ஒருவன் கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்து வில்லைகள் செய்து, அவற்றைக் குழாயில் பொருத்திச் சின்னஞ்சிறு பொருட்களைப் பார்த்துக் கொண்டிருந்தான். பிரபு அவனைத் தம் மாளிகைக்கு அழைத்து ஆதரவு கொடுத்தார். ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்த காலம் அது. "நாங்கள் சாகிறோம், நீங்கள் இவனது விளையாட்டுக்குப் பணம் கொடுக்கிறீர்கள்" என்று சனங்கள் கோபித்தார்கள். உங்களுக்கும் இயன்றதைத் தருவேன், இவனையும் கைவிட மாட்டேன் என்றார் பிரபு. அத்தகைய உழைப்பிலிருந்தே பிற்காலத்தில் நுணுக்குக்காட்டி உருவானது. கிருமிகளைக் கண்டறிந்து கொள்ளைநோய்களை அடக்க மருத்துவ உலகுக்கு அது வழி திறந்தது.

கதையோடு அவர் நின்றுவிடவில்லை. பசிப் பிரச்சினைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு என்றார். ஒன்று உணவை விளைவித்தல்; மற்றது விளைந்ததைத் தேவையானவரிடம் சேர்த்தல். செய்மதிகள் மேலிருந்து பயிரையும் மண்ணையும் மழையையும் கவனித்தால் முதலாவதற்குப் பேருதவியாகும். இரண்டாவது, நாடுகள் தமக்கிடையேயுள்ள எல்லைச் சுவர்களைத் தாழ்த்தினால்தான் நடக்கும். விண்வெளிக்குப் பணம் ஒதுக்காமல் விட்டால் அது தானாக ஏழைகளிடம் போய்ச் சேர்ந்து விடாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. கடிதத்துடன் ஒரு படத்தையும் அனுப்பினார். 1968 டிசம்பரில் அப்பலோ 8 வீரர்கள் சந்திரனருகே இருந்து எடுத்த, கருமையான வெளியிலே நீலமாக உதிக்கும் எமது பூமியின் படம் அது.

இங்கே ஓர் உண்மையை விட்டுவிட்டுப் போக முடியாது. ஸ்டூலிங்கர் இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் ஜேர்மனியில் வீ 2 ஏவுகணையை உருவாக்கிய குழுவில் பணியாற்றியவர். அவ்வேவுகணைகள் லண்டன், அன்ட்வேர்ப் நகரங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. அவற்றைத் தயாரிப்பதற்காக அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட கைதிகளும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். விண்வெளி ஆய்வு தூய கைகளில் மட்டும் வளர்ந்த ஒன்றன்று. அப்பலோ திட்டத்தை உந்தித் தள்ளியதும் ரஷ்யாவை முந்த வேண்டும் என்ற போட்டியே. ஆகவே ஒருவர் அழகாகப் பதில் சொன்னார் என்பதற்காக நாம் ஏற்றுக் கொள்ள வேண்டியதில்லை. சொன்னது நடந்ததா என்பதையே பார்க்க வேண்டும்.

நடந்தது என்ன?

கடிதம் எழுதி இரண்டு ஆண்டுகளில், 1972 ஜூலை 23 அன்று, லான்ட்சட் என்ற பெயரில் பிற்காலத்தில் அறியப்பட்ட செய்மதி வரிசையின் முதலாவது ஏவப்பட்டது. வயல், காடு, ஆறு, வறண்ட நிலம் ஆகியவற்றைத் தொடர்ந்து படமெடுப்பதே அதன் வேலை. நீண்ட காலம் அப்படங்களை விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. ஏழை நாடுகளுக்கு அது எட்டாக்கனி. 2008 இல்தான் அவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விடப்பட்டன.

எத்தியோப்பியாவில் 1984 இல் ஏற்பட்ட கொடிய பஞ்சத்தை நடுத்தர வயதுள்ள வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதையடுத்து 1985 இல் அமெரிக்க உதவி நிறுவனம் பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பொன்றை நிறுவியது. செய்மதி காட்டும் பயிரின் பசுமை, மழையின் அளவு, சந்தையில் தானிய விலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, எங்கே பசி வரப் போகிறது என்று மாதக் கணக்கில் முன்கூட்டியே சொல்வது அதன் பணி. ஸ்டூலிங்கர் சொன்ன முதற் பக்கம் மெய்யாகி விட்டது.

இரண்டாவது பக்கம்? 2010 ஆகஸ்டிலேயே கிழக்காபிரிக்காவில் மழை பொய்க்கப் போகிறது என்ற எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. உலகம் தாமதித்தது, உள்நாட்டுப் போரும் உதவியைத் தடுத்தது. 2011 ஜூலையில் சோமாலியாவில் பஞ்சம் அதிகாரபூர்வமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சுமார் 2,58,000 பேர் மாண்டனர் என்றும் அவர்களில் ஏறக்குறைய அரைவாசியினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் 2013 இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

சிந்தித்துப் பாருங்கள்! செய்மதி பார்த்தது. அறிஞர் சொன்னார்கள். உணவு போய்ச் சேரவில்லை. இந்தக் குழந்தைகள் இறந்தது விண்வெளிக்குச் செலவிட்டதாலா, அல்லது விண்வெளியிலிருந்து கிடைத்த செய்தியை மனிதர் பொருட்படுத்தாமல் விட்டதாலா?

மக்களிடம் கேட்டுப் பெற்ற இடம்

பணக்கார நாடுகளுக்கு இது சரி, ஏழை நாட்டுக்கு ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். எமது அயல் நாட்டில் விக்ரம் சாராபாய் இதற்கு விடை தேடினார். சந்திரனுக்குப் போவதில் பணக்கார நாடுகளுடன் போட்டியிடும் கனவு எமக்கில்லை, மக்களின் அன்றாடப் பிரச்சினைகளுக்கு உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் நாம் பின்தங்கக் கூடாது என்பது அவரது நிலைப்பாடு.

ரொக்கட் ஏவுவதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவக் கிராமம் பொருத்தமாக அமைந்தது. பூமியின் காந்த மத்திய கோடு அதன் அருகே செல்வதே காரணம். ஆனால் அங்கே தேவாலயமும் மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பேர்னாட் பெரேராவைச் சந்தித்தார். ஆயர் அப்போது முடிவு சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரச் சொல்லி, விஞ்ஞானிகளின் நோக்கத்தை மக்களுக்கு விளக்கி, அவர்களிடமே சம்மதம் கேட்டதாக இராமேஸ்வரத்தில் பிறந்து அங்கே பணியாற்றிய டாக்டர் அப்துல் கலாம் பதிவு செய்திருக்கிறார். மக்கள் சம்மதித்தார்கள். தேவாலயக் கட்டடத்திலேயே ஆய்வுப் பணி தொடங்கியது. 1963 நவம்பர் 21 அன்று முதலாவது ரொக்கட் அங்கிருந்து எழுந்தது.

அதன் பயன் கிராமங்களுக்குத் திரும்பியது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம், நாஸாவிடம் இரவல் பெற்ற செய்மதி மூலம் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகின. சாராபாய் அதைப் பார்க்க உயிரோடிருக்கவில்லை. 1971 இலேயே காலமாகி விட்டார்.

இதில் எமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. அந்த ஒளிபரப்பைப் பெறும் அன்டெனா ஒன்றை இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பிலும் பொருத்தினார்கள். இலங்கையில் தொலைக்காட்சிச் சேவை ஆரம்பமாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் அது. பொருத்தப்பட்ட வீடு ஆர்தர் சி. கிளார்க்குடையது. பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோ மீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர் அவர். 1956 முதல் 2008 இல் மறையும் வரை எம்மிடையே வாழ்ந்து, எளிய நடையில் எழுதியும் பேசியும் விண்வெளியைச் சாதாரண மக்களின் விடயமாக்கினார்.

மிகைப்படுத்தல் வேண்டாம்

விண்வெளிக்காகப் பேசுபவர்கள் தவிர்க்க வேண்டிய ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கறி ஒட்டாத டெப்லோன் சட்டி அப்பலோவின் கொடை என்று பலர் எழுதுகிறார்கள். டெப்லோன் 1938 இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது நாஸாவே இருக்கவில்லை. பாதணிகளில் பிய்த்து ஒட்டும் வெல்குரோவும் அப்படியே. அது சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பு. பொய்யான பயனைச் சொல்லி ஆதரவு தேடினால், உண்மையான பயனையும் மக்கள் நம்ப மாட்டார்கள்.

செலவையும் சரியாகச் சொல்ல வேண்டும். 1966 ஆம் ஆண்டளவில் அமெரிக்க அரசு செலவிட்ட ஒவ்வொரு 100 டொலரிலும் 4 டொலருக்கு மேல் நாஸாவுக்குப் போனது. இன்று 50 சதத்துக்கும் குறைவு. அதுவும் பெருந்தொகைதான். ஆனால் உலகப் பசிக்குக் காரணம் அதுவே என்று சொல்வதற்கு இந்தக் கணக்கு இடம் தராது.

வாசகர்களே! சூறாவளி வருகிறது, கடலுக்குப் போகாதீர்கள் என்று எமது வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களை எச்சரிப்பதற்கு உதவுவதும் வானிலிருந்து பார்க்கும் செய்மதிகள்தான். அந்த எச்சரிக்கையைக் கேட்டுக் கரையில் நின்ற வாப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைக்கு விண்வெளியின் பயனை எவரும் விளக்கத் தேவையில்லை.

எனவே உங்கள் பிள்ளை வானத்தைப் பற்றிக் கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைப் பாடசாலை ஆசிரியரிடமும் நூலகத்திலும் தேட வழிகாட்டுங்கள். அதேவேளை, பெரியவர்கள் கேட்கும் கேள்வியையும் அப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். இதற்கு எவ்வளவு செலவு? அது யாருடைய பணம்? கிடைத்த அறிவு யாருக்குத் திறந்திருக்கிறது? பசித்தவரிடம் அது போய்ச் சேர்ந்ததா? இந்த நான்கையும் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை நாளை விஞ்ஞானியானாலும் சரி, அதிகாரியானாலும் சரி, எச்சரிக்கை வந்த பின்னும் தாமதிப்பவர்களில் ஒருவராக இருக்க மாட்டார்.