நெடுங்காலம் உணர்த்தும் தொடர்களும் வினையடைகளும்: ஆங்கிலம், டேனிய மொழி, தமிழ் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஒரு செயல் எவ்வளவு காலம் நிகழ்ந்தது என்பதை உணர்த்தும் தொடரைக் காலவளவுத் தொடர் எனலாம். ‘பத்து ஆண்டுகள்’, ‘நெடுநாளாக’, ‘வெகுநேரம்’ என்பன அத்தகையன. இத்தொடர்களோடு ஆங்கில வினையடைகள் எவ்வாறு சேர்கின்றன, அதே பொருளைத் தமிழ் எவ்வுறுப்புகளால் உணர்த்துகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. 1980களில் இலங்கையிலிருந்து டென்மார்க்கிற்குப் புலம்பெயர்ந்த தமிழருள் பலர், பள்ளியில் கற்ற ஆங்கிலத்தின் துணைகொண்டே டேனிய மொழியை அணுகினர். ஆதலின் டேனிய மொழியும் இங்கு ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றது.

1. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் மூன்று

ஆங்கிலத்தில் ‘ஃபார்’ என்னும் ஒரே முன்னிடைச்சொல் காலவளவு அனைத்தையும் சுட்டப் பயன்படுகின்றது. தமிழிலோ மூன்று வடிவங்கள் உள்ளன.

அ. பத்து ஆண்டுகள் ஓடென்சேயில் வாழ்ந்தேன்.
ஆ. பத்து ஆண்டுகளாக ஓடென்சேயில் வாழ்கிறேன்.
இ. பத்து ஆண்டுகளுக்கு வீட்டை வாடகைக்கு எடுத்தேன்.

முதலாவது முடிந்துபோன கால அளவு. இரண்டாவது இறந்தகாலத்தில் தொடங்கி இன்னும் முடியாத அளவு. மூன்றாவது முன்கூட்டியே வரையறுத்துக்கொண்ட அளவு. முதல் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலம் வினைவடிவத்தால் மட்டுமே காட்டும். காலவளவுத் தொடர் மாறுவதில்லை. தமிழ் வினையாலும் காட்டும், ‘ஆக’ என்னும் உறுப்பாலும் காட்டும். ‘வாழ்ந்துவந்தேன்’ என்னும் இறந்தகால வினையோடு ‘பத்து ஆண்டுகளாக’ என்பது சேருமாயின், கடந்துபோன ஒரு கணம் வரை நீண்டுவந்த காலத்தைக் குறிக்கும்.

2. எஸ்பர்சன் கண்ட வேறுபாடு

இவ்விடயத்தைத் தெளிவுற விளக்கியவருள் ஒருவர் டேனிய அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் (1860–1943). ராண்டர்ஸ் நகரில் பிறந்த இவர், 1893 முதல் 1925 வரை கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கினார். 1924இல் வெளிவந்த ‘இலக்கணத்தின் தத்துவம்’ என்னும் நூலில், இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் ஒருங்கே உள்ளடக்கும் கால அளவைத் தனியே பிரித்து ஆராய்ந்தார். ஒருவரை இரண்டு ஆண்டுகளாக அறிந்திருத்தலைக் கூறுமிடத்து ஆங்கிலமும் டேனிய மொழியும் நிறைவுக்கால வினையைப் பயன்படுத்த, ஜெர்மனும் பிரெஞ்சும் நிகழ்கால வினையையே பயன்படுத்தும். இவ்வகைப்பாட்டில் தமிழின் இடம் ஜெர்மன், பிரெஞ்சு ஆகியவற்றின் பக்கமே. ‘இரண்டு ஆண்டுகளாக அவரை அறிவேன்’ என்றோ ‘இரண்டு ஆண்டுகளாக இங்கு வாழ்கிறேன்’ என்றோதான் கூறுகின்றோம்.

ஒரு காலத்துள் அடங்காத நிகழ்வு தமிழ் இலக்கண மரபிற்குப் புதிதன்று. முக்காலத்தும் ஒருதன்மையாய் நிகழும் பொருளை எவ்வினையால் கூறுவது என்பதற்குத் தொல்காப்பிய வினையியல் விதி வகுத்துள்ளது. மலையின் நிலைபேற்றையும் ஆற்றின் ஓட்டத்தையும் உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுவர். ‘ஆக’ ஈற்றுத் தொடர் குறிப்பதோ அத்தகைய எல்லையற்ற நிகழ்வன்று. தொடக்கம் உடையது, முடிவு இன்னும் வாராதது.

3. வினையடையின் பணியை ஆற்றும் இடைச்சொற்கள்

‘ஒன்லி’, ‘ஆல்ரெடி’, ‘அட் லீஸ்ட்’ முதலிய ஆங்கில வினையடைகள் காலவளவைச் சிறிதாகவோ பெரிதாகவோ மதிப்பிட்டுக் காட்டுவன. அவை தனிச்சொற்களாய் நின்று இடம்பெயரக் கூடியன. தமிழில் இப்பணியின் பெரும்பகுதியை ஏகாரம், உம்மை, ‘தான்’, ‘ஆவது’ ஆகிய இடைச்சொற்கள் ஆற்றுகின்றன. அவை ஒட்டும் இடத்திற்கேற்பப் பொருள் மாறுகின்றது.

‘இரண்டே ஆண்டுகள்’ என எண்ணோடு ஏகாரம் சேர்ந்தால் காலம் சுருங்குகின்றது. ‘இரண்டு ஆண்டுகளாகவே’ என ‘ஆக’ என்பதன்பின் அதே ஏகாரம் வந்தால், இடையறாமை வலியுறுத்தப்பட்டுக் காலம் விரிகின்றது. ‘இரண்டு ஆண்டுகளாகத்தான்’ என்பது அதற்கு முன்னர் அந்நிலை இல்லை என வரையறுக்கின்றது. ‘இரண்டு ஆண்டுகளும்’ என்பது ஒருநாளும் விடாத முழுமை. ‘இரண்டு ஆண்டுகளாவது’ என்பது கீழெல்லை. ‘ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளாக’ என்னுமிடத்து மட்டுமே ஆங்கிலம்போல் தனிச்சொல் வருகின்றது. அங்கும் ‘வந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன’ என வினையாலேயே அப்பொருளை உணர்த்துதல் பெருவழக்கு.

மிகுதி உணர்த்தும் அடைகளிலும் கட்டுப்பாடு உண்டு. ‘மிக நீண்ட காலம்’ என்பது இயல்பாக வரும். ‘மிக வெகுகாலம்’ என்பது வழக்கில் இல்லை. ‘வெகு’ என்பதே மிகுதியை உணர்த்தி நிற்றலின் மற்றோர் அடையை அது ஏலாது.

4. எதிர்மறையும் கால நீட்சியும்

ஆங்கிலத்தில் ‘ஃபார் எ லாங் டைம்’, ‘ஃபார் லாங்’ என்னும் இரண்டும் ‘நெடுநேரம்’ என்றே பொருள்படும். ஆயினும் எதிர்மறை வினையோடு சேருங்கால் அவை வேறுபடுகின்றன. முன்னதனோடு ‘பேசவில்லை’ என்னும் வினை வந்தால் மௌனம் நீண்டது என்று பொருள். பின்னதனோடு வந்தால் பேச்சு நீளவில்லை என்று பொருள். இந்நுட்பத்தைத் தமிழ் மாணவர்க்கு விளக்குதல் அரிது எனக் கருதுவோர் உளர். ஆனால் தமிழிலேயே அதற்கு நிகரான இணை உண்டு.

‘நெடுநேரமாகப் பேசவில்லை’ என்பதில் மௌனம் நீண்டது. ‘நெடுநேரம் பேசவில்லை’ என்பது பேச்சு விரைவில் முடிந்தது எனப் பொருள்தர வல்லது. முன்னதில் காலம் எதிர்மறையைத் தழுவுகின்றது. பின்னதில் எதிர்மறை காலத்தைத் தழுவுகின்றது. ‘ஆக’ என்னும் ஓர் உறுப்பே இவ்வேறுபாட்டிற்கு அடிப்படை.

5. டேனிய மொழியும் மொழிபெயர்ப்பின் பொறுப்பும்

டேனிய மொழியில் கால அளவைச் சுட்டுவது ‘ஈ’ என்னும் முன்னிடைச்சொல். ஆங்கிலத்து ‘இன்’ போல் அது ஒலித்தாலும், பொருளால் ஆங்கிலத்து ‘ஃபார்’ என்பதற்கு நிகராகும். ‘இரண்டு ஆண்டுகளில் வருவேன்’ என்பதற்கு ‘ஒம்’ என்பதும், ‘இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்தேன்’ என்பதற்குப் ‘பொ’ என்பதும் வரும். ‘ஃபொர் – ஸீதென்’ என்னும் இணையோ ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன்’ எனப் பொருள்படும். ஆங்கிலத்தின் வழியே கேட்பவர் அந்த ‘ஃபொர்’ என்பதைக் கால அளவாகக் கொள்ளின், முன்பு நிகழ்ந்த ஒரு சம்பவம் இரண்டாண்டு நீடித்ததாகிவிடும்.

வினையிலும் இடர் உண்டு. ‘இரண்டு ஆண்டுகளாக இங்கு இருக்கிறேன்’ என்னும் தமிழ்த் தொடரை நிகழ்கால வினையோடு அப்படியே ஆங்கிலத்திலோ டேனிய மொழியிலோ பெயர்த்தால், மொத்தம் இரண்டாண்டு தங்கும் திட்டத்தோடு வந்தவர் என்றே கேட்போர் கொள்வர். கடந்த காலம் வருங்காலத் திட்டமாக மாறிவிடுகின்றது.

ஏதிலியர் வாக்குமூலத்தில் இது சிறு பிழையன்று. டென்மார்க்கில் காத்திருப்பின் நீளமே அரசியல் வழக்காகிய வரலாறும் உண்டு. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழர் குடும்ப இணைவு விண்ணப்பங்களின் பரிசீலனையைச் சட்டத்திற்கு மாறாக நிறுத்திவைத்தார். ‘தமிழர் வழக்கு’ எனப் பெயர்பெற்ற அவ்விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் அரச விசாரணை மன்றம் முன்னாள் அமைச்சருக்கு நான்கு மாத நிபந்தனைச் சிறைத்தண்டனை விதித்தது. எப்போது விண்ணப்பித்தார், எவ்வளவு காலம் காத்திருந்தார், இன்னும் காத்திருக்கிறாரா என்னும் மூன்றும் அத்தகைய விண்ணப்பங்களில் வெவ்வேறு வினாக்கள். ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன்’, ‘இரண்டு ஆண்டுகள்’, ‘இரண்டு ஆண்டுகளாக’ எனத் தமிழ் அவற்றைத் தெளிவாகவே பிரித்துரைக்கின்றது. அத்தெளிவு மொழிபெயர்ப்பில் அழியாது காத்தல் மொழிபெயர்ப்பாளர் கடன்.

முடிவுரை

ஆங்கில வினையடைகளுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் தேடித் தரும் அகராதி முறை இங்குப் போதாது. காலவளவுத் தொடரின் வடிவம், அதனோடு ஒட்டும் இடைச்சொல், வினையின் காலம், எதிர்மறை ஆகிய நான்கையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். புலம்பெயர் நாடுகளில் தமிழ் கற்பிக்கும் பாடநூல்களும், மொழிபெயர்ப்பாளர் பயிற்சிகளும் ‘ஆண்டுகள் – ஆண்டுகளாக – ஆண்டுகளுக்கு’ என்னும் மூவடிவத்தைத் தனிப்பாடமாகக் கொள்ளுதல் நலம். டேனிய மொழியில் சிந்தித்துத் தமிழில் பேசும் இளந்தலைமுறையினர்க்கு இம்மூன்றும் ஒன்றாய் மயங்க வாய்ப்புண்டு. பெற்றோர் தம் வாழ்வைக் கூறும் சொற்களில் எது முடிந்தது, எது தொடர்கின்றது என்பதை அவர்கள் பிரித்தறிதற்கு இவ்விலக்கண அறிவு இன்றியமையாதது.