புல் கூடையின் விலையும் குழுக் கடனும்

மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் ஆதரவில் நகரங்களில் நடைபெறும் ‘சரஸ்’ கண்காட்சிகளில், பல மாநில மகளிர் சுய உதவிக் குழுக்கள் தம் கைவினைப் பொருள்களை நேரடியாக விற்கின்றன. பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் பின்னும் சிக்கிப் புல் கூடைகளும் அத்தகைய கைவினையே. ஈர நிலத்தில் வளரும் பொன்னிறப் புல்லை உலர்த்திச் சாயமேற்றி, முஞ்சை எனும் முரட்டுப் புல்லால் அமைந்த உட்சுருளின்மேல் ‘தகுவா’ என்னும் இரும்பு ஊசியின் துணையுடன் சுற்றிப் பின்னுவர். பயன் தீர்ந்தபின் கூடை மண்ணோடு மக்கிவிடும்.

இத்தொழிலுக்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு? 1992-இல் நபார்டு தொடங்கிய சுய உதவிக் குழு – வங்கி இணைப்புத் திட்டத்தின்வழி, முறையான சேமிப்பும் ஒழுங்கான கணக்கேடும் உடைய குழு வங்கிக் கடன் பெறுகிறது. ரூ.20 லட்சம் வரை பிணையம் கேட்கப்படுவதில்லை. உறுப்பினர்களின் ஒற்றுமையும் தவணை தவறாமையுமே நம்பிக்கைக்கு ஆதாரம். ஆகவே, ‘புல்தானே’ என்று பாதி விலைக்குப் பேரம் பேசும்போது குறைவது புல்லின் விலையன்று, பின்னியவரின் கூலி. கடன் தவணையும் அதிலிருந்தே செலுத்தப்பட வேண்டும்.

குடும்பத்துடன் செல்வோர் துணிப்பை கொண்டு செல்லுங்கள். செய்முறை விளக்கம் நடைபெறுமானால் பிள்ளைகளை ஒரு சுற்றேனும் பின்னச் செய்யுங்கள். விலையின் நியாயம் விரல்களுக்கு விளங்கும். யுபிஐ வழியே செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயரைக் கடையினரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. அதற்கென எவரேனும் கேட்டால் அது மோசடியே.