குளுவாங் கோப்பி: ஒரு பெருமரத்தின் கதை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங் ரயில் நிலையத்தில் 1938-இல் ஒரு ஹைனான் சீனக் குடும்பம் கோப்பிக் கடை போட்டது. கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய காயா, கூடவே கறுப்புக் கோப்பி. வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்கான அந்தக் கடை, தலைமுறை கடந்து இன்று பல ஊர்களில் கிளைவிட்டிருக்கிறது.

அந்த வட்டாரத்துக் கோப்பிக்குத் தனிச்சுவை தருவது லைபெரிக்கா என்ற மரம். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதை மலாயாவுக்குக் கொண்டுவந்ததில் ஒரு நோய்க்கும் பங்குண்டு. 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், தமிழர் உழைப்பில் தழைத்திருந்த அராபிக்கா தோட்டங்களை அழித்தது. துருவைத் தாங்கும், தாழ்நிலத்து வெயிலுக்கும் அசையாத செடியைத் தோட்டக்காரர்கள் தேடினார்கள். லைபெரிக்கா கிடைத்தது. பிறகு கோப்பி விலை சரிந்து ரப்பர் ஓங்கியபோது பெருந்தோட்டங்கள் மாறின; சிறு விவசாயிகளின் நிலங்களில் இந்த மரம் தங்கிவிட்டது. உலகக் காப்பி விளைச்சலில் இதன் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. மலேசியாவிலோ விளைவதில் பெரும்பகுதி இதுதான்.

கத்தரிக்காமல் விட்டால் பதினைந்து மீட்டருக்கு மேல் உயரும் மரம் இது. பழம் பெரிது, தோல் தடிப்பு, சதை அதிகம். ஒரு கிலோ கொட்டைக்குச் சுமார் 10 கிலோ பழம் வேண்டும். தோலுரித்த கொட்டையைச் சுற்றிய பசையை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் புளிக்கவைத்துக் கரைக்கின்றன. திராட்சை ரசத்தைப் போலவே இங்கும் புளிப்பு முற்றும் நேரத்தைக் கணிக்கத் தெரிய வேண்டும். தவறினால் நாற்றம் கொட்டைக்குள் இறங்கிவிடும். இந்தோனேசியாவில் லைபெரிக்காவைப் பலாக் கோப்பி என்பார்கள். மணம் அப்படி.

அடுத்தது வறுவல். கொட்டையோடு சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது இப்பகுதி வழக்கம். சுமார் 160 டிகிரி செல்சியஸில் சர்க்கரை கருகத் தொடங்கி, கொட்டைமேல் கறுப்பாகப் பளபளக்கும். நம் ஃபில்டர் காப்பியில் சிக்கரி தரும் திடத்தை அங்கே இந்தக் கருகல் தருகிறது. பொடியைத் துணிப்பையில் இட்டு வெந்நீர் ஊற்றி இழுப்பார்கள்.

குளுவாங் போனால் முதல் மிடறைப் பாலில்லாத 'கோப்பி ஓ'வாகக் குடியுங்கள். கருகலின் கசப்பு அடங்கியதும், ஒரு நோய்க்குப் பயந்து கடல் கடந்து வந்த மரத்தின் மணம் நாக்கில் மெல்ல எழும்.