சந்தைக் கணிப்பும் கை-வர்க்கச் சோதனையும்

ஒரு நகரில் தேயிலைத்தூள் மூன்று வகையாக விற்கப்படுகின்றது எனக் கொள்க. வாங்குவோரில் 50 விழுக்காட்டினர் முதல் வகையையும், 30 விழுக்காட்டினர் இரண்டாவதையும், 20 விழுக்காட்டினர் மூன்றாவதையும் நாடுவர் என்று வணிகர் ஒருவர் மதிப்பிட்டு, அதன்படியே சரக்குக்கு முன்பணம் கட்ட எண்ணுகிறார். மதிப்பீடு பிழையாயின் ஒரு வகை தேங்கும். மற்றொரு வகை போதாமல் வாடிக்கையாளர் வேறு கடை தேடுவர். ஆதலின், முன்னதாக 200 பேரை வினவுகிறார். முதல் வகையை 88 பேரும், இரண்டாவதை 66 பேரும், மூன்றாவதை 46 பேரும் வாங்குவதாகக் கூறுகின்றனர். மதிப்பீட்டின்படி வந்திருக்க வேண்டியவை 100, 60, 40. இவ்வேறுபாடு மதிப்பீட்டின் பிழையா? அன்றி, சிலரை மட்டும் வினவும்போது தற்செயலாக நேரும் ஏற்றத்தாழ்வா?

இவ்வினாவுக்கு விடை காண உதவுவதே கை-வர்க்கச் சோதனை. இங்கே 'கை' என்பது உடலுறுப்பன்று. கிரேக்க நெடுங்கணக்கின் ஓர் எழுத்து. ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1900-ஆம் ஆண்டில் இச்சோதனையை வெளியிட்டார்.

செய்முறை எளிது. கண்ட எண்ணிக்கைக்கும் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்து, வகைதோறும் கிடைப்பவற்றைக் கூட்ட வேண்டும். வர்க்கமாக்காவிடின் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தீர்த்துச் சுழியாகிவிடும். மேற்கண்ட கணக்கில் கிடைப்பவை 1.44, 0.60, 0.90, கூட்டுத்தொகை 2.94.

இரு வகைகளின் எண்ணிக்கை தெரிந்தால், மொத்தம் 200 ஆதலின், மூன்றாவது தானே அமைந்துவிடும். எனவே தன்னுரிமையுடன் மாறக்கூடியவை இரண்டே. அவ்விரண்டுக்கு, 5 விழுக்காட்டு அளவில் அட்டவணை காட்டும் எல்லை 5.99. 2.94 அதனினும் குறைவு; ஆகவே மதிப்பீட்டைத் தள்ளப் போதிய சான்று இல்லை. அதனால் மதிப்பீடு மெய்யென்று நிறுவப்பட்டதாகக் கொள்ளலாகாது. சான்று போதாமையால் விடுவிக்கப்பட்டவன் குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்கப்பட்டவன் ஆகான் அன்றோ?

பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. எண்ணிக்கைக்கு மாறாக விழுக்காட்டையே கணக்கில் இடுவது அது. 44, 33, 23 என்னும் விழுக்காடுகளை இட்டால் 1.47 என்றே விடை வரும். வினவப்பட்டோர் 200 பேராயினும் 600 பேராயினும் அது மாறாது. உண்மையில், அதே விகிதத்தில் 600 பேர் விடையளித்திருந்தால் எண்ணிக்கைகள் 264, 198, 138 ஆகும்; கூட்டுத்தொகை 8.82 ஆகி எல்லையைக் கடக்கும். அப்போது மதிப்பீட்டைத் தள்ள வேண்டியதே. விழுக்காடு சான்றின் வலிமையை மறைத்துவிடுகின்றது. எண்ணிக்கையே அதை வெளிப்படுத்துகின்றது.

வேறு சில நிபந்தனைகளும் உள. ஒருவரை ஒருமுறையே எண்ண வேண்டும். ஒரே கடையின் வாடிக்கையாளரை மட்டும் வினவுதல் தகாது. எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஒவ்வொரு வகையிலும் ஐந்துக்குக் குறையாதிருத்தல் நன்று. மதிப்பீட்டுப் பங்குகள் வினவுதற்கு முன்பே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். வந்த விடைகளைக் கொண்டே மதிப்பீட்டை அமைத்து, அதே விடைகளால் அதனைச் சோதிப்பது மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவதை ஒக்கும். மதிப்பீடே முந்தைய மாதிரி ஒன்றிலிருந்து பிறந்ததாயின், அதிலும் தற்செயல் பிழை உண்டு. அங்கு இரு மாதிரிகளையும் ஒப்பிடும் சோதனையே பொருந்தும்.

மிகையான பொருத்தமும் ஐயத்துக்குரியதே. கிரெகோர் மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் செடி ஆய்வின் எண்களை, ரொனால்டு ஃபிஷர் 1936-இல் இச்சோதனையால் ஆராய்ந்தார். தற்செயல் அனுமதிப்பதைவிட அவை கொள்கையோடு நெருங்கிப் பொருந்துவதைக் காட்டினார். அதன் காரணம் பற்றிய வாதம் பல்லாண்டு நீடித்தது. மெண்டலின் கொள்கையோ நிலைத்தது. சந்தைக் கணிப்புகள் பலவும் மதிப்பீட்டோடு இம்மியும் பிசகாமல் ஒத்து வருமாயின், வணிகர் மகிழ்வதற்கு முன், எண்ணியவர் மெய்யாகவே எண்ணினாரா என்று வினவுதல் நலம்.