கருவின் முதற் போர்வை

“சாமி, என் கருமுட்டைக்கு மேலுறை இல்லையாம்.” மணமாகி ஒன்பது ஆண்டுகள் கடந்தும் மகப்பேறு வாய்க்காத பெண்மணி ஒருவர், பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து இவ்வாறு கூறினார். மருத்துவர் சொன்னதைவிட மாமியார் சொன்னதே அவரை அதிகம் வருத்தியது. “உன் தாய் செய்த பாவம்” என்றாராம் அவர்.

அவருக்கு மறுமொழி கூறுமுன் அந்த மேலுறை யாதென அறிய விரும்பினேன். மருத்துவ நூல்கள் அதனை இலத்தீனில் ‘ஜோனா பெல்லூசிடா’ என அழைக்கின்றன. குருமடத்தில் கற்ற இலத்தீன் இங்கும் கைகொடுத்தது: ஒளி ஊடுருவும் கச்சை என்பது அதன் பொருள். பாலூட்டி இனத்தின் முட்டையை முதன்முதலில் கண்டு உலகுக்கு அறிவித்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர், ஆண்டு 1827. மனித முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். அதனைச் சுற்றி, நுங்கைப் போல் ஒளி புகும் மெல்லிய உறை ஒன்று உள்ளது. அது கோழிமுட்டையின் ஓட்டைப்போல் சுண்ணாம்பாலானதன்று. நால்வகைப் புரதங்கள் சர்க்கரைப் பொருளோடு இணைந்து பின்னிய வலை.

இவ்வுறை காவலனாகவும் வாயிலாகவும் விளங்குகிறது. தன்னை அணுகும் விந்தணுக்களுள் ஒன்று முட்டையோடு இணைந்ததும், முட்டையினுள்ளிருந்து ஒருவகை நொதி வெளிப்பட்டு உறையின் தன்மையை மாற்றிவிடுகிறது. பின்வருவன ஒட்டவும் நுழையவும் இயலா. இரண்டு நுழைந்துவிட்டால், 46 இருக்க வேண்டிய நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) 69 ஆகும். அத்தகைய கரு பெரும்பாலும் தொடக்கத்திலேயே அழிந்துவிடும்.

இதன்பின் நடப்பதே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. புதிய உயிர் அப்போர்வைக்குள் இருந்தவாறே இரண்டாக, நான்காக, எட்டாகப் பகுபட்டுக் கருக்குழாய் வழியே பயணம் செய்கிறது. செல்கள் சிதறாமலும், வழியிலேயே குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமலும் உறை காக்கிறது. ஏறத்தாழ ஐந்தாறு நாட்களில் கருப்பையினுள் கரு விரிந்து, உறையைக் கிழித்து வெளிவந்து, தாயின் உடலைப் பற்றிக்கொள்கிறது. அதுவரை தாய்க்கு யாதும் தெரியாது. சிறுநீர்ச் சோதனையும் காட்டாது. ஆயினும் கருவுற்ற அந்நொடி முதலே மனிதருக்குரிய மதிப்பு அவ்வுயிருக்கு உண்டென 1987-ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட ‘தோனும் வீத்தே’ அறிக்கை வலியுறுத்துகிறது.

உறையை ஊசியால் துளைத்து விந்தணுவை உட்செலுத்தும் முறை 1992 முதல் வழக்கில் உள்ளது. தம்பதியரின் கூடலுக்கு மாற்றாக ஆய்வுக்கூடத்தில் நிகழும் கருத்தரிப்பைத் திருச்சபை ஏற்பதில்லை. எனினும் அவ்வழியில் பிறந்த குழந்தையையும் இறைவனின் கொடையாகவே வரவேற்க வேண்டுமென அதே அறிக்கை கூறுகிறது. நம் பங்கு மக்களுட் சிலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனி, மாமியார் சொன்ன பாவத்துக்கு வருவோம். 2014-இல் சீன நாட்டு ஆய்வாளர்கள், உறையற்ற முட்டைகளைக் கொண்டிருந்த ஒரு குடும்பத்துப் பெண்களை ஆராய்ந்தனர். அந்நான்கு புரதங்களுள் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் பழுது இருக்கக் கண்டனர். தந்தை, தாய் இருவரிடமிருந்தும் அப்பழுது வந்து சேர்ந்தாலன்றி மகளிடம் குறை தோன்றாது. பெற்றோருக்கோ அது தெரியவே தெரியாது. நெருங்கிய உறவினர் மணக்கையில் இத்தகைய பழுதுகள் ஒன்றுகூடும் வாய்ப்பு மிகுதி. மாமன் மகளை மணக்க ஆயரிடம் விலக்குக் கோரி விண்ணப்பம் எழுதும்போதெல்லாம் நான் இதனை எண்ணியதில்லை, இப்போது எண்ணுகிறேன்.

இப்பெண்மணிக்கும் இதுவே காரணமா என்பதை மருத்துவரே கூற வேண்டும். ஆனால் பாவம் என்ற சொல்லை அவ்வீட்டிலிருந்து அகற்றுவது என் கடமையாயிற்று. மறுவாரம் மாமியாரை அழைத்து, இவை அனைத்தையும் எளிய சொற்களில் விளக்கினேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவர், “அப்படியென்றால் அவள் அம்மாவிடம் நான் போய்ப் பேச வேண்டும், சாமி” என்று கூறி எழுந்தார்.