பிரஸ்ஸல்ஸில் போடும் விதி, ஓடைப்பட்டியில் இறங்கும் விலை

கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கருநீலப் பன்னீர் திராட்சைதான். ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, சுருளிப்பட்டி பக்கம் ஆண்டு முழுக்க அறுவடையாகும் அந்தப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சின்னமனூருக்குக் கிழக்கே, மேகமலை அடிவாரத்தை ஒட்டிய ஓடைப்பட்டியில் விளைவது வேறு பழம். கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய மேட்டுக்காட்டில் பந்தல் போட்டு, பச்சை விதையில்லாத் திராட்சை வளர்க்கிறார்கள். பன்னீரில் ஒரு போகம் கைவிட்டுப் போனால் சில மாதங்களில் அடுத்தது வந்துவிடும். பச்சைத் திராட்சைக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடை. அந்தச் சில வாரங்களில் கிடைக்கும் விலைதான் அந்த ஆண்டின் வருமானம்.

அந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள்? வியாபாரி, கமிஷன் மண்டி, கேரளச் சந்தை என்று பதில் வரும். அதில் தவறில்லை. ஆனால் அந்த வரிசை அங்கே முடிவதில்லை. அது நாசிக் வழியாக மும்பைத் துறைமுகம், செங்கடல், நெதர்லாந்தின் ரோட்டர்டாம் என்று நீண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் வரை போகிறது.

இந்தியா 2023-24 நிதியாண்டில் ஏறத்தாழ 3.4 லட்சம் டன் திராட்சையை ஏற்றுமதி செய்தது. மதிப்பு சுமார் 3,460 கோடி ரூபாய். இதில் மிகப் பெரும்பகுதி மகாராஷ்டிரத்துப் பழம். நாசிக், சாங்லி பகுதிகளில் அறுவடை நடப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஓடைப்பட்டிப் பச்சைத் திராட்சை சந்தைக்கு வருவதும் அதே பருவத்தில்தான். மகாராஷ்டிரப் பழம் கப்பல் ஏறினால் உள்நாட்டுச் சந்தையில் நெருக்கடி குறையும். கப்பல் ஏறாமல் நின்றால் அது லாரி ஏறித் தெற்கே வரும். ஒரு பெட்டிகூட வெளிநாட்டுக்கு அனுப்பாத ஓடைப்பட்டி விவசாயியும் உலக வர்த்தகத்துக்குள் இருப்பது இப்படித்தான்.

2023 நவம்பரில் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். சூயஸ் கால்வாய் வழியைத் தவிர்த்து, கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் 10 நாளுக்கு மேல் நீண்டது, கன்டெய்னர் கட்டணம் ஏறியது. பறித்த பின் ஒவ்வொரு நாளும் காம்பு காயும் பழத்துக்கு இது சாதாரணத் தாமதமல்ல.

போர் எப்போதாவது வரும். எந்நேரமும் கூடவே இருப்பது, பழத்தில் தங்கும் மருந்து எச்சம் பற்றிய விதி.

ஏற்றுமதித் திராட்சையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இது புரியும். கொத்தில் நெருக்கமாக இருக்கும் பிஞ்சுகளைக் கத்தரியால் களைந்து இடைவெளி விடுகிறார்கள். பழம் பருக்க ஜிப்ராலிக் அமிலக் கரைசலில் கொத்தை முக்கி எடுக்கிறார்கள். மணி 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பார்கள் வாங்குபவர்கள். பறித்த சில மணி நேரத்துக்குள் குளிரூட்டி, பூசணம் பிடிக்காமலிருக்கக் கந்தக டை ஆக்சைடு வெளியிடும் தாளைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். இத்தனை உழைப்புக்குப் பிறகும் பழத்தின் தலையெழுத்தை எழுதுவது ஆய்வகம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு சொல்லப்படாத பூச்சிமருந்து எதுவானாலும் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது, ஒரு டன் திராட்சையில் 10 மில்லிகிராம். பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலே தாண்டிவிடக்கூடிய அளவு இது. இதற்கு மேல், சில ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் அரசு வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் எச்சம் இருந்தால்தான் வாங்குவோம் என்கின்றன. அது சட்டமல்ல, வாங்குபவரின் நிபந்தனை. எந்தப் பன்னாட்டு அவையிலும் அதை எதிர்த்து எளிதில் வழக்காட முடியாது.

2003-ல் இந்தியத் திராட்சையில் மெத்தோமில் என்ற பூச்சிமருந்தின் எச்சம் இருப்பதாக நெதர்லாந்தில் பிடிபட்டது. அதன் பிறகுதான் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடா, 'கிரேப்நெட்' என்ற இணையவழிக் கண்காணிப்பை 2006-ல் கொண்டுவந்தது. தோட்டத்தை மாநிலத் தோட்டக்கலைத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தார் தோட்டத்துக்கே வந்து மாதிரி எடுப்பார்கள். எச்சம் வரம்புக்குள் இருந்தால் மட்டுமே அக்மார்க் சான்றும் தாவர நலச் சான்றும் கிடைக்கும். ரோட்டர்டாமில் ஒரு பெட்டியில் கோளாறு தெரிந்தால் அது எந்தத் தோட்டத்துப் பழம் என்று கண்டுபிடித்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான்.

அப்படியிருந்தும் 2010-ல் அடி விழுந்தது. கொடியின் வீரியத்தைக் கட்டுப்படுத்திப் பூ எடுக்க வைக்கும் குளோர்மெக்குவாட் குளோரைடு என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்து இந்தியத் தோட்டங்களில் வழக்கமாகப் புழங்கியது. திராட்சையில் அதற்கு அப்போதைய ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். நம் ஊரில் கட்டாயமாகச் சோதிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலிலோ அன்று அந்தப் பெயரே இல்லை. எல்லாச் சான்றும் வாங்கிப் போன பழம் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கியது. விவசாயி ஒளித்து எதையும் செய்யவில்லை. அடிக்கலாம் என்று சொல்லப்பட்டதை அடித்தார், சோதிக்கச் சொன்னதைச் சோதித்தார்கள். அப்படியொரு வரம்பு இருக்கும் சேதி மட்டும் தோட்டத்துக்கு வரவில்லை.

நாடுகள் இஷ்டத்துக்கு வரம்பு வைக்கலாமா, மாற்றலாமா? 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோதே உணவுப் பாதுகாப்பு, தாவர நலன் பற்றிய ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. மக்கள் உடல்நலத்துக்காக எந்த நாடும் வரம்பு வைக்கலாம், அதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்கிறது அது. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 1963-ல் அமைத்த கோடெக்ஸ் ஆணையத்தின் வரம்புகளைப் பின்பற்றினால் கேள்வி எழாது. அதைவிடக் கடுமையாக்கினால் காரணம் சொல்ல வேண்டும். பாசுமதி நெல்லுக்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்தின் வரம்பை ஐரோப்பா 1 மில்லிகிராமிலிருந்து 0.01-க்கு இறக்கியபோது இந்தியா ஜெனீவாவில் ஆட்சேபம் எழுப்பியது. வரம்பு இறங்கியதுதான் மிச்சம். வழக்காகக் கொண்டுபோனாலும் இன்று முழுத் தீர்வு கிடைக்காது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு, புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பர் முதல் செயல்படவில்லை.

ஐரோப்பாவின் கடுமையை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தோளில் தெளிப்பானைச் சுமந்து பந்தலுக்கடியில் நடக்கும் கூலியாள் அந்த மருந்தைத்தான் மூச்சில் இழுக்கிறார். அந்தப் பழத்தைத்தான் நம் பிள்ளைகளும் தின்கிறார்கள். எச்சம் குறைவது நமக்கும் நல்லது. குறை, வரம்பு கடுமையாக இருப்பதைவிட, அது மாறும் சேதி கடைசியாகப் போய்ச் சேரும் இடம் தோட்டமாக இருப்பதில்தான்.

இத்தனைக்கும் சேதி சொல்ல வேண்டும் என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. வரம்பை மாற்ற நினைக்கும் நாடு வரைவை முன்கூட்டியே உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். மற்றவர்கள் கருத்துச் சொல்ல 60 நாள் தர வேண்டும் என்பது வழக்கம். விதி வெளியானதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் இடையே பொதுவாக 6 மாதமாவது இடைவெளி வேண்டும் என்று 2001-ல் தோஹா மாநாட்டில் முடிவானது. இந்த 6 மாதம் ஒரு திராட்சைப் பருவத்துக்குப் போதும். டெல்லிக்கு வரும் அந்த அறிவிப்பு காய்க் கவாத்துக்கு முன் ஓடைப்பட்டிக்கு வந்துவிட்டால், எந்த மருந்தை விட வேண்டும் என்று விவசாயி அப்போதே முடிவு செய்துகொள்வார்.

அதற்கான கருவியும் கையில் இருக்கிறது. எந்த நோய்க்கு எந்த மருந்து, எச்ச வரம்பு எவ்வளவு, அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற பட்டியலைப் புனேயிலுள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் வெளியிட்டுத் திருத்திக்கொண்டே வருகிறது. 2021-ல் மத்திய அரசு தோட்டக்கலைத் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியபோது திராட்சைக்கு நாசிக்கையும் வாழைக்குத் தேனியையும் தேர்ந்தெடுத்தது. தேனியின் ஜி-9 வாழை இன்று வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. திராட்சைக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்று கேட்க ஓடைப்பட்டிக்கு உரிமை இருக்கிறது.

தோட்டக்கலைத் துறையிடம் கேட்பது பெரிய தொகை பிடிக்கும் காரியமல்ல. புனே பட்டியலைத் தமிழாக்கி, கவாத்துக்கு முன் சின்னமனூர் வட்டாரத்தின் ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ஒட்ட வேண்டும். மாறும்போதெல்லாம் மாற்றி ஒட்ட வேண்டும். விவசாயிகளே, அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். மருந்து வாங்கும்போது அதன் பெயரோடு, அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.